போர் ஓய்ந்தபின் மாண்ட வீரர்

யுத்த சரித்திரம் எழுதுவோர் போர்க்களத்தில் ஆயுதத்தால் மடிந்தாரையே முன்வைத்துப் பேசுவது எந்நாட்டிலும் காணப்படும் வழக்கமாகும். நம் பண்டைத் தமிழ் மக்களும் மார்பிற் புண்பட்டு வீழ்ந்தார்க்கே நடுகல் எடுத்து, நீராட்டி, மாலை சூட்டிப் போற்றினர். களத்தினின்றும் உயிரோடு மீண்டு, உற்றார் இல்லம் வந்து சேர்ந்து, சில நாளிலோ சில மாதத்திலோ நோய்ப்பட்டு மாண்ட போர்வீரனுக்குக் கல்லுமில்லை, கதையுமில்லை. காய்ச்சலிற் போனான் என்று ஊரார் ஒரு சொல்லில் முடித்துவிடுவர். அவனைக் கொன்றது காய்ச்சல்தானா, அன்றிப் போர்தானா என்று விசாரிப்பார் மிகச் சிலரே.

இவ்வினாவை எழுப்புதற்கு மிகத் தகுதியான வரலாறு ஒன்றை இவ்விதழில் நம் சங்கத்து அன்பர்களுக்குக் கூற விரும்புகின்றோம். வில்லியம் லீஃப் ராபின்ஸன் என்னும் ஆங்கிலேய வாலிபருடைய வரலாறு அது. 1914-ஆம் ஆண்டு தொடங்கி 1918-ஆம் ஆண்டில் ஓய்ந்த முதல் உலக மகாயுத்தத்தில், ஒரே இரவில் இங்கிலாந்து முழுவதும் பெயர் பரவப் பெற்றவர் அவர். போர் நின்ற ஐம்பதாம் நாள், 23-ஆம் வயதில், படுக்கையிற் கிடந்து விஷக்காய்ச்சலால் இறந்தார். அயல்நாட்டார் ஒருவர் கதை நமக்கெதற்கு என்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. அவர் பிறந்த மண் நமக்கு அண்டை நாடாகிய குடகு. அவர் எழுத்துப் பயின்ற நகரங்களுள் ஒன்று பெங்களூர்.

குடகு நாட்டு மலைச்சரிவுகளில் 1850-ஆம் ஆண்டுகளுக்குப் பின் ஐரோப்பியர் பலர் காடு திருத்திக் காப்பித் தோட்டங்கள் இட்டனர். அங்ஙனம் தென் குடகில், பொல்லிபெட்டா ஊர்ப் பக்கத்தில் அமைந்த கைமபெட்டா என்னும் தோட்டத்துக்கு உரியவர் ராபின்ஸனுடைய தந்தையார். அவருடைய பாட்டனார் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் போர்க்கப்பல் கட்டும் தொழிலில் தலைமை வகித்தவர். எழுவர் மக்களுள் கடைக்குட்டியாக ராபின்ஸன் 1895-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14-ஆம் தேதி அத்தோட்டத்திலே பிறந்தார். பெங்களூரில் பிஷப் காட்டன் பாடசாலையிலும், சீமையில் ஆக்ஸ்போர்டு நகரத்துப் பள்ளியொன்றிலும் பயின்று, 1909-ஆம் ஆண்டில் கம்பர்லாந்து மாகாணத்துச் செயின்ட் பீஸ் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே அவருக்கு முன்னரே அவர் தமையனார் ஹெரால்டு பயின்று வந்தார். படிப்பிற் பேர் எடுத்தவரல்லர் ராபின்ஸன். பந்தாட்டத்திலும், மாணவர் படைப் பயிற்சியிலும், தோழரைத் தம்பாற் கவர்ந்து நடத்துவதிலும் முன்னின்றார். தமையனார் வகித்த மாணவர் விடுதித் தலைமை பின்னர்த் தம்பிக்கும் கிடைத்தது.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் போர் மூண்டது. அம்மாதமே ராபின்ஸன் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியிற் புகுந்து, அவ்வாண்டின் இறுதியில் வூஸ்டர்ஷயர் படையில் அதிகாரியானார். காலாட்படை வாழ்வு அவருக்குப் பிடிக்கவில்லை. 1915-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆகாயப் படைக்கு மாறிப் பிரான்சுக்குச் சென்று, விமானத்தில் ஓட்டுபவருடன் அமர்ந்து பகைவர் நிலைகளைக் கண்டு குறிக்கும் வேலையை மேற்கொண்டார். லீல் நகரத்துக்கு மேலே பறக்கையில் குண்டுச் சிதறல் பாய்ந்து வலக்கையிற் காயமுற்றார். காயம் ஆறியபின் தாமே விமானம் ஓட்டக் கற்று, இங்கிலாந்திலேயே நகரக் காவற் படைகளில் அமர்ந்தார். தமையனார் ஹெரால்டோ இந்திய சேனையிற் சேர்ந்து மெசொப்பொத்தேமியாவில் போர் புரிந்து 1916-ஆம் ஆண்டில் அங்கே மாண்டார்.

இனி அக்காலத்து இலண்டன் மக்களைப் பிடித்திருந்த அச்சத்தைச் சிறிது கூறுதல் வேண்டும். நம்மவர்க்கு அதனை எளிதில் உணர்த்த ஒரு வழியுண்டு. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேற் குண்டு பொழிந்து, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திப் போயிற்று. குண்டு விழுந்தது சிறிது நேரமே. ஆயினும் மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு நகரை விட்டு ஓடினர். அக்கப்பலின் பெயரே தமிழில் ஒரு சொல்லாகிவிட்டது. சூழ்ச்சியில் வல்லவனை எம்டன் என்று இன்றும் சொல்கின்றோம். சென்னை ஓரிரவு அனுபவித்த அத்திகிலை இலண்டன் 1915-ஆம் ஆண்டு மே மாத இறுதியிலிருந்து மீண்டும் மீண்டும் அனுபவித்தது. கடலில் வராது வானத்தில் வந்தது அது ஒன்றே வேறுபாடு. ஸெப்பலின் முதலிய வாயுக் கப்பல்கள் இருளில் வந்து உறங்கும் வீடுகள்மீது குண்டெறிந்து சென்றன. இக்கப்பல்களால் அப்போர் முடியும் வரையில் பிரிட்டனில் 500-க்கு மேற்பட்டோர் இறந்தனர். பிற்காலத்துப் போர்களோடு ஒப்பிட இத்தொகை சிறிதே. ஆயின் வீட்டுக்குள் உறங்கும் குழந்தை வானத்துப் பகைவனாற் சாதல் என்பது அதற்குமுன் அந்நாட்டார் அறியாத கொடுமை.

இக்கப்பல்களை வீழ்த்துவது ஏன் அரிதாயிற்று என்பதும் அறியத்தக்கது. உள்ளே நிரம்பிய ஹைட்ரஜன் வாயு தீப்பற்றும் இயல்பினதே. ஆயினும் காற்றோடு கலந்தாலன்றி அது எரியாது. சாதாரணத் துப்பாக்கிக் குண்டு ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் வெளிப்படும். யானையை ஊசியாற் குத்தியதற்கு ஒப்பாகும். மேலும் அந்நாளைய விமானம் பத்தாயிரம் அடி உயரம் ஏறுவதற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடித்தது. அதற்குள் வாயுக்கப்பல் மேகத்துள் மறையும். 1916-ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் புதுவகைக் குண்டுகள் கைக்கு வந்தன. நியூசிலாந்துக்காரராகிய பொமிராய் என்பவரும், வாண வேடிக்கைத் தொழிற் குடும்பத்திற் பிறந்த பிராக் என்பவரும் தனித்தனியே கண்ட வெடிகுண்டுகள் வாயுப் பைகளைக் கிழித்துக் காற்றை உட்புகுத்தித் தீயும் மூட்டவல்லன. வாணம் விடுபவர் வித்தை ஒரு நாட்டின் காவலுக்கு உதவிற்று என்பதை நம் சிவகாசித் தொழிலாளர் கேட்பின் மகிழ்வர்!

1916-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 2-ஆம் தேதி இரவு பதினாறு வாயுக்கப்பல்கள் ஜெர்மனியினின்றும் இங்கிலாந்தை நோக்கிப் புறப்பட்டன. அப்போரில் நிகழ்ந்த வாயுக்கப்பற் படையெடுப்புக்களுள் இதுவே மிகப் பெரிது. சட்டன்ஸ் பார்ம் என்னும் சிறு விமான நிலையத்திலிருந்து ராபின்ஸன் இரவு 11 மணி கடந்து சில நிமிடங்களில் மேலெழுந்தார். துணைக்கு ஆளில்லை, இயந்திரமும் பழமையானது. பத்தாயிரம் அடி ஏற 53 நிமிடம் ஆயிற்று என்று அவரே தம் அறிக்கையில் எழுதியுள்ளார். நள்ளிரவு கழிந்து ஒரு மணிக்குமேல் ஒரு கப்பலைக் கண்டார். உயரத்தை விடாமலே மெல்ல நெருங்கலாம் என்று எண்ணினார். அது மேகத்துள் நுழைந்து தப்பிற்று. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலும் ஒரு கப்பலை அவர் சுட்டு, அது ஒன்றும் ஆகாமற் போய்விட்டது. ஆகவே, இரண்டு மணியளவில் விளக்கொளிக் கற்றைகளுக்கு நடுவே மற்றொரு கப்பல் தென்பட்டபோது, உயரத்தை இழந்தாலும் இழக்கட்டும் என்று துணிந்து விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி விரைந்து பாய்ந்தார்.

அக்கப்பல் ஏறக்குறைய 570 அடி நீளமுள்ளது. கீழிருந்து அண்ணாந்து அதன் முனை முதல் கடை வரையில் ஓர் உருளைத் தோட்டாக்களைச் சுட்டார், பயனில்லை. பக்கவாட்டில் வந்து இரண்டாம் உருளையையும் தீர்த்தார், அதுவும் வீண். கீழிருந்து சுடும் பீரங்கிகளின் குண்டுகளும் அவரைச் சுற்றி வெடித்துக்கொண்டிருந்தன. தம்மவர் குண்டே தம்மைக் கொல்லக்கூடும் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. இனி எஞ்சியது மூன்றாம் உருளை. கப்பலின் பின்புறம் ஐந்நூறு அடிக்குள் நெருங்கி, அங்குமிங்கும் சிதறாமல் ஓரிடத்தையே குறிவைத்துச் சுட்டார். உருளை தீரும் முன்னரே அவ்விடம் செந்நிறமாயிற்று. சில விநாடிகளில் பின்பகுதி முழுவதும் தீப்பிழம்பாயிற்று. மேலே விழாதவாறு தம் விமானத்தை விலக்கிக்கொண்டு, மகிழ்ச்சி மேலிட்டுச் சிவப்பு ஒளிவாணங்களை எறிந்தார். எண்ணெய் மிகக் குறைந்துபோன நிலையில் 2-45 மணிக்குத் தரையிறங்கினார். இறங்கிப் பார்க்கையில், தம் துப்பாக்கியாலேயே தம் விமானத்தின் நடுப்பகுதி ஒன்றைத் துளைத்திருந்தமை புலனாயிற்று.

எரிந்த கப்பல் ஹெர்ட்பர்ட்ஷயர் மாகாணத்துக் கப்லி என்னும் சிற்றூரின் வயலில் வீழ்ந்தது. பல காத தூரத்துக்கு அத்தீ தெரிந்தது. நள்ளிரவில் மக்கள் வீதியிற் கூடிப் பாடினர், ரயில் எஞ்ஜின்கள் ஊதின, மணிகள் ஒலித்தன. மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாதலின் ஆயிரக்கணக்கானோர் ரயிலிலும் வண்டியிலும் நடந்தும் அவ்வூருக்குத் திருவிழாப்போலத் திரண்டு சென்றனர். எரிந்த கம்பித் துண்டுகளைச் செஞ்சிலுவைச் சங்கத்தார் விற்றுக் காயமுற்ற வீரர்க்குப் பணம் சேர்த்தனர்.

கப்பலில் இருந்த பதினாறு பேரும் மாண்டனர். அவர்க்குத் தலைவராகிய வில்ஹெல்ம் ஷ்ராம் என்பவர் இலண்டனுக்கு அணித்தே பிறந்து, இளமைக்காலத்தை அங்கே கழித்தவர். அவர் தந்தையார் ஒரு ஜெர்மன் கம்பெனியின் அலுவலாக அங்கே குடியிருந்தார். இதனை நாம் எண்ணுந்தோறும் வியப்பே உண்டாகின்றது. இலண்டனிற் பிறந்தவர் இலண்டனைக் கொளுத்த வருகின்றார். குடகுக் காட்டிற் பிறந்தவர் அதனைக் காக்க எழுகின்றார். பிறந்த ஊரைக் கொண்டு ஒருவன் யாருக்கு உரியவன் என்று கணிப்பார் இவ்விருவர் வரலாற்றையும் சேர்த்துப் படிக்கக் கடவர். எரியும் மனிதரைக் கண்டு வீதியில் நின்று பாடியது தகுமோ என்று அந்நாளிலேயே சிலர் வருந்தினர். இருபத்தைந்து மாதமாகப் போரின் துயரைச் சுமந்தவரை நாம் குறை கூறத் துணியோம். ஆயினும் இறந்த பதினாறு பேரையும் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்த அதிகாரிகளின் செயலே நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

இவ்விடத்துச் சரித்திரம் படிப்போர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. வீழ்ந்தது ஸெப்பலின் அன்று. எஸ்.எல். 11 என்னும் எண்ணுடைய, மரச்சட்டத்தால் அமைந்த, ஷுட்டே-லான்ஸ் தொழிற்சாலையிற் கட்டிய வேறுவகைக் கப்பல் அது. ஆயின் அதனை ஸெப்பலின் எல். 21 என்று அறிவித்துவிட்டனர். அப்பெயரே நூல்களில் பல்லாண்டு நின்றது. உண்மையான எல். 21 அவ்வாண்டு நவம்பர் மாதத்தில்தான் கடலில் வீழ்ந்தது. இரண்டு முறை இறந்த கப்பல் உலகில் இதுவாகத்தான் இருக்கும்! மக்கள் அஞ்சிய பெயர் ஸெப்பலின் ஆதலால், வென்றதும் ஸெப்பலினாகவே இருக்கவேண்டியதாயிற்று.

செப்டம்பர் மாதம் 5-ஆம் தேதியே அரசாங்க கெஜட்டில் ராபின்ஸனுக்கு விக்டோரியா கிராஸ் என்னும் தலைசிறந்த வீரப்பதக்கம் வழங்கப்பெற்ற செய்தி வெளியாயிற்று. பிரிட்டிஷ் நாட்டு எல்லைக்குள்ளே நிகழ்ந்த வீரச்செயலுக்கு அப்பதக்கம் பெற்றவர் அவர் முதல்வர். அரசர் ஐந்தாம் ஜார்ஜ் விண்ட்ஸர் மாளிகையில் அதனை அணிவித்தார். வாயுக்கப்பலை முதலில் வீழ்த்துவோர்க்கென்று செல்வர் சிலர் அறிவித்திருந்த பரிசுகளாக 3,500 பவுன் சேர்ந்தது. குழந்தைகளுக்கும், மலர்களுக்கும், மாதர் தொப்பிகளுக்கும்கூடத் தம் பெயரை இடுகின்றார்கள் என்று அவர் தம் பெற்றோருக்குக் கூச்சத்தோடு எழுதினார். வயது இருபத்தொன்று. அவர் படையைச் சேர்ந்தவரே அடுத்த சில வாரங்களுள் மேலும் மூன்று கப்பல்கள் வீழக் காரணராயினர். இலண்டனின் அச்சம் பெரும்பாலும் நீங்கிற்று.

இவ்வளவோடு வரலாற்றை நிறுத்துவார் பலர். நாம் சொல்ல வந்ததோ இனிமேல்தான் தொடங்குகின்றது.

புகழ்பெற்றவரை நகரத்தில் வைத்துக் காட்சிப் பொருளாக்கினாரேயன்றி, போர்முனைக்கு அனுப்ப அதிகாரிகள் எளிதில் இசையவில்லை. ராபின்ஸனோ மீண்டும் மீண்டும் வேண்டிக்கொண்டு, 1917-ஆம் ஆண்டில் பிரான்சுக்குச் செல்ல அனுமதி பெற்றார். பிரிஸ்டல் என்னும் புதிய இருவர் விமானங்களை முதன்முதல் களத்திற்குக் கொண்டுசென்ற 48-ஆம் படையில் ஒரு பிரிவுக்குத் தலைவரானார். ஏப்ரல் மாதம் 5-ஆம் தேதி ஆறு விமானங்களோடு பகைவர் எல்லைக்குள் முதன்முறை பறந்தார். எதிரே வந்தவர் மான்பிரட் வான் ரிக்டோபன். ஜெர்மானிய விமான வீரருள் தலைசிறந்தவர். ஆறனுள் நான்கு விமானங்கள் திரும்பவில்லை. ராபின்ஸன் செலுத்திய விமானத்தை ரிக்டோபனின் படைவீரர் பெஸ்ட்னர் என்பவர் வீழ்த்தினார். அணி குலையாது நெருங்கிப் பறந்து, பின்னிருப்போர் துப்பாக்கியையே நம்புக என்பது அப்படைக்குக் கிடைத்திருந்த உபதேசம். அவ்விமானத்தின் வலிமையோ முன்னிருந்து சுழன்று பாய்ந்து சுடுவதில் இருந்தது என்பதைப் பின்வந்தோர் அறிந்து வென்றனர். இரவில் தனியே பறக்கும் விமானி ஒருவருக்கு, பகற்போரில் ஓர் அணியை நடத்தும் பொறுப்பை முன்பயிற்சி போதாமல் தந்தது பெயரை நம்பிச் செய்த காரியமாகவே நமக்குத் தோன்றுகின்றது.

அவர் இறந்தாரென்றே முதலில் எண்ணினர். பின்னர்ச் சிறைப்பட்ட செய்தி வந்தது. இதன்பின் இருபது மாதகாலம் அவர் ஜெர்மனியிற் சிறையிருந்தார். ஒரே இரவில் நிகழ்ந்ததைப்பற்றி நூறு நூல்கள் பேசும். இவ்விருபது மாதத்தைப்பற்றி ஒரு பக்கமும் காண்பது அரிது. பிரைபர்க் என்னுமிடத்துச் சிறையிலிருந்து தோழர் ஒருவரோடு தப்பியோடி, சுவிட்ஸர்லாந்து எல்லைக்குச் சில மைல் தொலைவில் பிடிபட்டார். அதற்குத் தண்டனையாக ஸோர்ண்டார்ப் கோட்டையில் தனிச்சிறை. பின்னரும் தப்ப முயன்றார், பின்னரும் தனிச்சிறை. இறுதியில் ஹோல்ஸ்மிண்டன் என்னும் அதிகாரிகள் சிறைக்கு மாற்றினர். 1918-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இருபத்தொன்பது பேர் சுரங்கம் தோண்டி வெளியேறி, அவருட் பத்துப் பேர் தாய்நாடு சேர்ந்தமையால் பெயர்பெற்ற சிறை இதுவே. இதன் தலைவர் நீமையர் என்பவர் கைதிகளைக் கொடுமைப்படுத்துவதிற் பேர்போனவர். வாயுக்கப்பலை எரித்த வீரர் இவர் என்று தெரிந்திருந்தமையால், ராபின்ஸன்மேல் அவருடைய கண் தனியே விழுந்தது என்று உடனிருந்த கைதிகள் பின்னர்ச் சாட்சி கூறினர். அரைவயிற்று உணவும், இருளறையும், ஓயாத அவமதிப்பும் அவ்வாலிபருடைய உடற்கட்டைக் கரைத்துவிட்டன.

1918-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11-ஆம் தேதி போர் நின்றது. டிசம்பர் மாதத்தில் ராபின்ஸன் இங்கிலாந்து மீண்டார். கிறிஸ்துமஸ் பண்டிகையை உற்றாரோடு கொண்டாடலாயினார். அப்போது உலகத்தையே சூறையாடிக்கொண்டிருந்தது இன்புளுயென்ஸா என்னும் விஷக்காய்ச்சல். நம் நாட்டில் 1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாயில் அது தோன்றிற்று. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் உக்கிரங்கொண்டு ஊரூராகப் பரவிற்று. இந்தியாவில் மட்டும் இதற்கு இரையானோர் ஒரு கோடியே இருபது லட்சத்துக்குக் குறையார் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் பலருடைய கணக்கு. உலகம் முழுவதிலும் ஐந்து கோடிப் பேர் என்பர். முதியோரையும் குழவிகளையும் மட்டும் கொள்ளும் மற்றைக் காய்ச்சல்களைப்போலன்றி, இருபது முதல் நாற்பது வயதுடைய கட்டிளங்காளையரையே இது மிகுதியாக வாரிக்கொண்டது. மூன்று நாள் முன் உழுதவன் நான்காம் நாள் சுடலையில் என்பது அந்நாளில் நம் ஊர்களிலும் கண்ட காட்சி.

இந்நோய் ராபின்ஸனையும் பற்றிற்று. எதிர்க்க உடலில் வலுவில்லை. இலண்டனுக்கு அடுத்த ஸ்டான்மோர் என்னும் ஊரில் தம் தமக்கையாரின் பாதுகாப்பிற் படுத்த அவர், ஜன்னி வேகத்தில் சிறைத்தலைவர் தம் கட்டிலருகே நிற்பதாகக் கண்டு அரற்றினார் என்று அவர் வரலாறு எழுதினோர் கூறுகின்றனர். டிசம்பர் மாதம் 31-ஆம் தேதி உயிர் நீங்கிற்று. 1919-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 3-ஆம் தேதி ஹாரோ வீல்டு என்னுமிடத்தில் அடக்கம் நிகழ்ந்தது. வீதியின் இருமருங்கும் ஆயிரக்கணக்கான மக்கள் நின்றனர். மேலே விமானங்கள் பறந்து மலர் வளையம் இட்டன. அதற்குச் சிறிது காலத்துக்கு முன் அவர் சிறையினின்று திரும்பியபோது இத்துணைக் கூட்டம் கூடியதில்லை.

அவரைக் கொன்றது எது? சான்றிதழில் காய்ச்சல் என்றிருக்கும். அக்காய்ச்சல் நல்ல உடலினரையும் கொன்றதாதலின், சிறைக்குச் செல்லாதிருந்தால் பிழைத்திருப்பார் என்று உறுதி கூறுதல் இயலாதென்று வாதிப்போர் உண்டு. அவ்வாதம் நேரியதே. ஆயினும் இருபது மாதம் பசித்து, தனியறையிற் கிடந்து, மார்பும் தோளும் வாடி வந்த ஒருவனை நோய் பற்றியபின், நோயின் பங்கு இவ்வளவு, சிறையின் பங்கு இவ்வளவு என்று துலாக்கோல் கொண்டு நிறுப்பது எங்ஙனம்? ஜன்னியில் அவர் கண்ணுக்குத் தோன்றியவன் நோய்க்கடவுள் அல்லன், சிறைத்தலைவன். போர் அவரை விட்டுப் போகவில்லை என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமோ?

இப்பெரும்போரில் உயிர்துறந்தார் கல்லறைகளைக் காக்க ஏற்பட்ட காமன்வெல்த் போர்க்கல்லறைக் கழகத்தார் இவ்விஷயத்தில் ஒரு நல்ல விதியை வகுத்தனர். 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4-ஆம் தேதி முதல் 1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் தேதி வரையில் சேவையிலிருந்து இறந்தார் யாவரும், குண்டினால் இறப்பினும் காய்ச்சலால் இறப்பினும், யுத்தத்தில் இறந்தாரே என்பது அவ்விதி. சேவையினின்று விலகியவர்கூட யுத்த காரணத்தால் வந்த நோயால் அக்காலத்துள் இறப்பின் அவ்வரிசையிற் சேர்வர். பட்டாளத்துத் தலைவனுக்கும் சிப்பாய்க்கும் கல்லில் வேறுபாடு கூடாது என்பதும் அவர் கொள்கை. இந்தியச் சிப்பாய்களின் பெயரைப் பொறிப்பதில் அக்கொள்கை பல இடங்களில் காற்றிற் பறந்தது என்பதைக் கழகத்தாரே 2021-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தனர்.

ராபின்ஸனுக்குத் தமையனார் மாண்ட மெசொப்பொத்தேமியாவை இங்கே நினைத்தல் தகும். அப்போர்முனையில் நம்மவரும் ஆங்கிலேயருமாக நோயாலே இறந்தோர் 12,000-க்கு மேற்பட்டவர். வெயிலும், நீர்க்கேடும், வாந்திபேதியும், காய்கறியற்ற உணவால் வந்த ஊறல் நோய்களும் துருக்கியர் குண்டுக்கு ஏறக்குறைய நிகராக வேலை செய்தன. குட் நகரத்தில் 1916-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29-ஆம் தேதி சரணடைந்த சுமார் 13,000 பேருட் பெரும்பாலோர் இந்தியர்; பாலைவனத்தில் நடத்திச் செல்லப்பட்டு, வழியிலும் சிறையிலும் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். மீண்டு ஊர் வந்தவருள் எத்தனைபேர் அவ்வுடலோடு 1918-ஆம் ஆண்டின் காய்ச்சலைச் சந்தித்தனரோ? அவர் அடக்கத்தின்போது வானத்தினின்று மலர் விழவில்லை.

நம் தமிழ்நாட்டுச் சில ஊர்களில் மணிக்கூண்டிலோ பழைய கட்டடச் சுவரிலோ ஒரு சலவைக்கற் பலகையைக் காணலாம். இவ்வூரிலிருந்து இத்தனைபேர் பெரும்போருக்குச் சென்றனர். அவருள் இத்தனைபேர் உயிர் கொடுத்தனர் என்று இரண்டு எண்கள் மட்டும் அதில் இருக்கும். பெயரில்லை, இறந்த விதமில்லை. அவ்வெண்ணுக்குள் நோயால் இறந்தவனும் இருக்கின்றானா, வீடு வந்து இறந்தவனும் இருக்கின்றானா என்பதைக் கல் கூறாது. நம் சங்கத்து அன்பர் குடும்பங்களில் பஸராவுக்கும் பிரான்சுக்கும், பிற்காலத்து யுத்தத்தில் பர்மாவுக்கும் சென்று வந்து, பின் நெடுநாள் வாழாது போனார் உளரேல், அவர் பெயரையும் படைப்பிரிவையும் இறந்த ஆண்டையும் ஒரு தாளில் எழுதி நம் காரியதரிசிக்கு அனுப்புமாறு வேண்டிக்கொள்ளுகின்றோம். பெட்டியடியிற் பதக்கமொன்று கிடப்பின், அதன் விளிம்பிற் பொறித்த எண்ணையும் பெயரையும் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்துக் குறித்தல் வேண்டும். பதக்கம் வெள்ளியென்று தட்டானிடம் போட்டு உருக்கிவிட்ட குடும்பங்கள் நாட்டிற் பல.

சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க்கல்லறைத் தோட்டத்துக்குச் செல்வோர் அதன் பின்புறத்தில் ஒரு நினைவுச் சின்னத்தைக் காண்பர். முதல் மகாயுத்த காலத்தில் இறந்து, இந்தியாவின் பல பாளையங்களில் பராமரிக்க இயலாத கல்லறைகளிற் கிடக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டார் பெயர்கள் அங்கே பொறிக்கப்பெற்றுள்ளன. பிரான்சின் பதுங்குகுழிகளுக்கும் துருக்கியர் பீரங்கிகளுக்கும் வெகுதூரத்தில் இறந்தோர் இவர். இவரையும் யுத்தத்தில் இறந்தாரென்றே அக்கல் கூறுகின்றது.

ராபின்ஸன் நினைவாகக் கப்லி ஊரில் 1921-ஆம் ஆண்டில் ஒரு தூண் எழுப்பினர். பத்திரிகையொன்றின் வாசகர்கள் அதற்குப் பணம் உதவினர். அவர் வீழ்த்திய கப்பலிலிருந்த பதினாறு ஜெர்மானியரும் அணித்தேயுள்ள பாட்டர்ஸ் பார் ஊரில் நாற்பத்தாறு ஆண்டுகள் கிடந்து, 1962-ஆம் ஆண்டில் கானக் சேஸ் என்னும் ஜெர்மானியர் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றப்பெற்றனர். விக்டோரியா கிராஸ் பதக்கத்தை அவர் குடும்பத்தார் எழுபது ஆண்டுகள் காத்து வந்தனர். 1988-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அது இலண்டனில் ஏலத்துக்கு வந்து 99,000 பவுனுக்கு விலைபோயிற்று. இரத்தப் புற்றுநோயால் வருந்தும் குழந்தைகளின் சிகிச்சைக்கென்று அப்பணம் தருமமாக அளிக்கப்பட்டது.